இறங்கச் சொன்ன கார்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஆறு. மீதி மூன்றும் என் தங்கை விட்டுப்போனவை. ஆறையும் மயிலாப்பூர் குளக்கரையில் வாழை இலை விற்றே வளர்த்தேன். மந்தைவெளியில் இந்த வீட்டைக் கட்டியதும் அந்த இலைதான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் நம்பர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் தேவைப்படவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் சின்னப் பேத்தி.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் யாரையும் பார்த்து லேசில் வாயைப் பிளக்கிறவள் இல்லை. குளக்கரையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு எல்லா மாதிரி மனிதர்களும் பழக்கம். அப்படிப்பட்ட நான் ஒரே ஒருத்தியைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தவள் அவள். பேரைச் சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது அவளுக்குப் பிடிக்காது.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றாள். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கைகள். கூட ஒரே மகள், அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தது. புருஷனைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை "ஆச்சி" என்பாள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் என்னை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். போகப் போக அவள் வாயில் அது நன்றாகத்தான் இருந்தது.

மூத்த பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அவள் கடைக்கே போனோம். எங்கள் வீட்டுப் பெண்களைத் திருப்திப்படுத்துவது சுலபமில்லை. மாம்பழக் கலர் என்றார்கள், அது வந்ததும் மயில்கழுத்து என்றார்கள். மேஜைமேல் மலை மாதிரிச் சேலை குவிந்துவிட்டது. அந்தக் கடையில் பிரித்துக் காட்டுகிறவர்கள் வேறு, மடித்து வைக்கிறவர்கள் வேறு. மடிக்கிற பெண் பக்கத்திலேயே நின்றது. இவளோ அந்தப் பெண்ணைத் தொட விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, நெசவுக்காரன் மடித்த மடிப்பு எதுவோ அதே மடிப்பில் திருப்பி வைத்தாள். அடுத்த கஸ்டமர் காத்திருக்கிறார்கள் என்று மேற்பார்வை பார்க்கிறவர் வந்து முணுமுணுத்தார். "பிரிச்சது நான்தான சார்" என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, பணிவும் இல்லை. கடைசிச் சேலையை மடித்து முடித்தபோது, அதை யாரும் பிரித்ததே இல்லை என்று சத்தியம் செய்யலாம். அப்படி இருந்தது.

அதுதான் அவள் சுபாவம். தன் கையால் கலைந்ததைத் தன் கைதான் அடுக்க வேண்டும். இன்னொருத்தர் வந்து சரிசெய்தால் அது சரியானதாகவே அவளுக்குக் கணக்கில்லை.

ஒரு கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையாக வைத்திருந்தோம். அவளுடைய பச்சைக் குடத்தைக் காணோம். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் மனைவிதான் எடுத்துவிட்டாள் என்று இவள் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டாள். திருடி என்ற வார்த்தையும் வந்துவிட்டது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் குடம் குளியலறையில் இருக்கிறது. மகள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? சாயங்காலமாக எதிர்வீட்டுக்குப் போய், பலகாரம் ஏதாவது கொடுத்து, சிரித்து மழுப்பிவிட்டு வருவோம். இவள் அடுத்த லாரி வருகிற வரைக்கும் காத்திருந்தாள். அதே வரிசை, அதே ஆட்கள். எல்லோரும் வந்து சேர்ந்தபிறகு நடுவில் போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் உங்களத் திருடின்னு சொன்னேன். குடம் எங்க வீட்டுலதான் கெடந்துச்சு. சொன்னது தப்பு."

இஸ்திரிக்காரர் மனைவிக்குக் கூச்சமாகிவிட்டது. "இன்னாக்கா நீ, அத்த நான் அப்பவே மறந்துட்டேன்" என்றாள்.

"நீங்க மறந்திட்டீங்க. கேட்டவங்க மறக்கலியே."

அன்றைக்கு எனக்கு இவ்வளவு நேராக ஒரு ஆள் இருக்க முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. இப்படிப்பட்டவள் கையால் பெரிய விஷயம் ஏதாவது உடைந்துவிட்டால் என்ன ஆவாள் என்று.

அப்படியும் ஒன்று உடைந்தது.

அவளிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. வயது போனபிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொள்கிற மாதிரி உட்கார்ந்துதான் ஓட்டுவாள். லீவு நாளில் மகளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவாள். பின் சீட்டில் நான் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் நாலு பேர் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

அப்படி ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மகள் அதற்குள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் இருந்த அது, கூட வேலை பார்க்கிற பையனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டுவிட்டதாகச் சொன்னது. திருவல்லிக்கேணிப் பையன், வேறு ஆட்கள். அதுவரைக்கும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் எங்கள் தெருமுனைக்கு வந்திருந்தது. பால் பூத் வாசலில் அவள் காரை நிறுத்தினாள்.

"இறங்கு. இனிமே இந்தக் கார்ல நீ ஏறக் கூடாது."

பூத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தியது. அது ஓங்கி அறைந்திருந்தால் எனக்கு இவ்வளவு நாள் அந்தச் சத்தம் காதில் இருந்திருக்காது.

இவள் காரை எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கார் நகரவில்லை. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் போனது. ஆனால் ஒரு வேலையை மட்டும் அவள் நிறுத்தவில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அந்தக் காரைக் குளிப்பாட்டுவாள். சக்கரத்துக்குள்ளெல்லாம் தண்ணீர் அடித்துக் கழுவுவாள். வெள்ளிக்கிழமையானால் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டும் வைப்பாள். ஓடாத காருக்கு எதற்கு இவ்வளவு என்று தெருவே பேசியது.

திருடி என்ற சொல்லை அத்தனை பேர் முன்னால் திருப்பி வாங்கினவள் இதை ஏன் வாங்கவில்லை? அது எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டுவிட்டேன். கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சாத்தான ஆச்சி திருப்ப முடியும்? எனக்கு இன்னும் தெரியல. தெரியாம போய்ச் சொன்னா அது பொய்யி."

பொங்கலுக்கு முந்தின வாரம் அவளுடைய மருமகனிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. பேறு கொஞ்சம் சிக்கலாகி, அறுத்துத்தான் எடுத்தார்களாம். மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலைப் பிரசவம், தாய்வீட்டில் பார்க்க வேண்டியது. போனை வைத்துவிட்டு அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் இருக்கும். பிறகு எழுந்து வந்து, "தெரிஞ்சுபோச்சு ஆச்சி" என்றாள்.  சாவியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள்.

கார் அசையவில்லை.

பண்டிகை நெருக்கடியில் போகியன்று காலையில்தான் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் வந்தான். செத்துக் கிடந்த பேட்டரியை மாற்றினான். பின் சக்கரங்களைத் தட்டி விடுவித்தான். முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததும் உச்சுக் கொட்டினான். சக்கரத்துக்குப் பின்னால் தட்டு மாதிரி ஓர் இரும்பு இருக்கிறது. டிஸ்க் என்கிறார்கள். பிரேக் மிதித்தால் அதைத்தான் பிடித்து நிறுத்துமாம். இரண்டு பக்கத்து டிஸ்க்கும் துருவேறி மேடும் பள்ளமுமாகச் சொறி பிடித்துக் கிடந்தது.

"கடல் காத்துதான் பாதி. மீதி உன் தண்ணிதான்க்கா. ஓட்டாத வண்டிய யாராவது டெய்லி கழுவுவாங்களா? ஓடினா சூட்டுல காயும். நின்னுக்கினே இருந்தா ஈரம் உள்ளயே ஊறி அப்டியே தின்னுடும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அடி வாங்கின மாதிரி ஒரு கணம், அவ்வளவுதான்.

இந்த டிஸ்க்கோடு ஓட்டினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பச்சைக் குழந்தையை ஏற்றவே கூடாது, மாற்றியே ஆகவேண்டும் என்றான். மாற்றலாமென்று பழையதை அடித்துப் பார்த்தால் அது வர மறுத்தது. பின்னாலிருக்கிற இரும்போடு ஒன்றாக இறுகிப்போயிருந்தது. பண்டிகைக்கு ஷெட்டைப் பூட்டியாகிவிட்டது, சாயங்காலம் ஊருக்கு பஸ், திரும்பி வந்து பார்த்துத் தருகிறேன் என்றான்.

நானும் சொன்னேன். "அட இன்னாம்மா, ஒரு போன் போட்டா டாக்ஸி வாசல்ல வந்து நிக்கப்போவுது. கார பொறவு பாத்துக்கலாம்."

"டாக்ஸிலேருந்தா ஆச்சி அவள இறங்கச் சொன்னேன்?"



சரி, இரண்டு நாள் தள்ளிக் கூட்டி வரலாமா என்றால், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காணும் பொங்கல். ஊர் ஜனம் முழுக்கக் கடற்கரைக்குத்தான் வரும், ஆஸ்பத்திரியோ கடற்கரையை ஒட்டித் திருவல்லிக்கேணியில். அந்தப் பக்கம் கார் நுழைய முடியாது. அதுவுமில்லாமல், ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் யார் காரில் ஏறுகிறதோ அதோடு முடிந்தது. அப்புறம் இவள் போய் நின்று என்ன பிரயோசனம்?

அவள் மெக்கானிக்கிடம் புது டிஸ்க் இரண்டும் வாங்கிக் கொடு, சாமானை விட்டுவிட்டுப் போ, எப்படிக் கழற்றுவதென்று மட்டும் சொல் என்றாள். அவன் சிரித்தான். "யக்கா, இது பட்டுப் பொடவ இல்லக்கா, இரும்பு."

"பூட்டுனது என் கையி. சொல்லுங்க தம்பி."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல பையன். புதுப்பேட்டைக்குப் போய்ப் புது டிஸ்க்குகளை வாங்கி வந்து கொடுத்து, பஸ்ஸைத் தவறவிடுகிற அளவுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, அடியில் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக்கைப் பிடிக்கிற பகுதியைக் கழற்றினால் அதை ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது, கட்டி வைக்க வேண்டும். துரு எண்ணெயை அடித்துவிட்டு ஊற விட வேண்டும். டிஸ்க்கின் முகத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது. அதில் இரண்டு போல்ட்டைச் செலுத்தி, இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினால், போல்ட்டின் முனை பின்னால் இருக்கிற இரும்பில் முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும். ஒரே பக்கமாக முறுக்கினால் கோணிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியான பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும்.

அவள் பழைய சேலையை நாலாக மடித்து முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிரேக் பகுதியைக் கழற்றி, உள்பாவாடை நாடாவால் மேலே இழுத்துக் கட்டினாள். கழற்றிய ஒவ்வொன்றையும் எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில் தரையில் பரப்பினாள். எண்ணெய் அடிப்பாள், காத்திருப்பாள். இந்த போல்ட்டை ஒரு திருகு, அந்த போல்ட்டை ஒரு திருகு. நடுவில் சுத்தியலால் சுற்றி வரத் தட்டுவாள். அவசரமே இல்லை. கடையில் சேலை மடித்த அதே கை. என் மகன்கள் இரண்டு பேரும் வந்து நாங்கள் செய்கிறோம் என்றார்கள். பார்வையாலேயே அனுப்பிவிட்டாள்.

பொங்கலன்று எங்கள் வீட்டுப் பானை பொங்கி முடிந்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சந்திலிருந்து டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். இடது பக்கத்து டிஸ்க் வெளியே வந்திருந்தது. அவள் உள் இரும்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள், புதுசு சமமாக உட்கார வேண்டுமாம். இலையில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை கறுப்பாக இருந்ததால் நானே ஊட்டிவிட்டேன். வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

வலது பக்கம் இரக்கப்படவில்லை. மத்தியானத்தில் ஒரு போல்ட்டின் தலை முறிந்து அவள் கையோடு வந்துவிட்டது. மிச்சம் ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. அந்த முறிந்த தலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

ஊரிலிருந்த மெக்கானிக்குக்கு போன் போட்டோம். கரும்பு கடித்துக்கொண்டே பேசினான். இனிமேல் போல்ட் உதவாது. பழைய டிஸ்க் எப்படியும் குப்பைதான், அது உடைந்தாலும் பரவாயில்லை. முதுகுப் பக்கம் ஒரு இரும்புத் துண்டை வைத்து ஒருத்தர் பிடிக்க, இன்னொருத்தர் அடிக்க வேண்டும். கொஞ்சம் திருப்பி, மறுபடியும் அடி. தனியாள் வேலை இல்லை என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மகன்கள் மாட்டுப் பொங்கலுக்கு இலையும் கரும்பும் விற்கக் குளக்கரைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆனாலும் ஒரு குரல் கொடுத்தால் தெருவில் பத்து ஆம்பிளைகள் வருவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"ஆச்சி, ஒரு கை வேணும். பிடிச்சுக்கிடுதீங்களா?"

என் மாடியில் குடியிருந்த இத்தனை வருஷத்தில் அவள் வேணும் என்று கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடையில் மட்டை பிளக்கிற இரும்பு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி உட்கார்ந்தேன். இறுகின எவர்சில்வர் டப்பா மூடிக்கு வெந்நீர் ஊற்றுவோமே, இதற்கும் ஊற்றிப் பார்க்கலாம் என்றேன். மறுக்கவில்லை. பொங்கல் வைத்த அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து ஊற்றினோம். நான் பிடிக்க அவள் அடிப்பாள். திருப்புவோம், ஊற்றுவோம், மறுபடியும் அடிப்பாள். ஒவ்வொரு அடியும் என் தோள் வரைக்கும் ஏறியது. ஓர் அடிகூட என் விரல்மேல் விழவில்லை. வெயில் சந்தை விட்டு நகர்ந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. நான் நிறுத்தலாமா என்று கேட்க நினைத்து அவள் முகத்தைப் பார்ப்பேன், கேட்க மாட்டேன். அந்த முகத்தில் பிடிவாதம் இல்லை. பிடிவாதமாக இருந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். பிரித்த சேலையை மடிக்கிறவளின் முகம். இது முடிகிற வரைக்கும் வேறு வேலை உலகத்தில் கிடையாது என்கிற முகம்.

தாம்பாளம் விழுந்த மாதிரி டிஸ்க் சிமெண்டுத் தரையில் விழுந்து சுழன்று படுத்தது. அவள் உப்புத்தாளை எடுத்தாள். இருட்டுவதற்குள் புதுசையும் மாட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் சந்திலேயே காரை முன்னும் பின்னும் ஓட்டி, திரும்பத் திரும்ப பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு திருவல்லிக்கேணிக்கு விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் மருமகன் பையோடு நின்றான். அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு, காரையே பார்த்தபடி நின்றது. இவள் இறங்கிச் சுற்றிப் போய் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. திறந்து பிடித்தபடி நின்றாள். பெண் தயங்கித் தயங்கி வந்து ஏறியது. மருமகன் என் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

கொஞ்ச தூரம் போனோம். பிறகு அந்தப் பெண் கேட்டது. "என்னம்மா, கார் இவ்ளோ சுத்தமா இருக்கு?"

இவள் கியரை மாற்றினாள். பெண்ணின் கண் ஸ்டியரிங்கில் இருந்த கைகளுக்குப் போனது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு. நகக்கண்ணெல்லாம் மை, கட்டைவிரலில் துணிக்கட்டு.

எங்கள் தெருமுனை வந்தது. பால் பூத் வாசலில், அதே இடத்தில், காரை நிறுத்தினாள். சத்தமே இல்லாமல் நின்றது. பூத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கண்ணாடியை இறக்கினாள்.

"இந்த எடத்துலதான் உன்ன இறங்கச் சொன்னேன். சொன்னது தப்பு." தண்ணீர் லாரி வரிசையில் சொன்ன அதே குரல்.

பூத்துக்காரன் தலையை நீட்டி, "யக்கா, பால் வண்டி வர்ற நேரம், கொஞ்சம் முன்னால எடுத்துக்கோ" என்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தப் பெண் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி அம்மா பக்கம் நீட்டியது. இவள் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, கையெல்லாம் கறையா இருக்கு. ஆச்சிகிட்ட குடு."

"அந்தக் கையிலயே வாங்கும்மா."

வாங்கினாள். பால் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

அவர்கள் எல்லோரும் இப்போது அடையாறு பக்கம் இருக்கிறார்கள். பழைய டிஸ்க்குகள் இரண்டும் என்னிடம்தான். கடையில் இலைக்கட்டு காற்றில் பறக்காமல் இருக்க மேலே பாரமாக வைத்திருக்கிறோம். நல்ல கனம்.

போதும் கண்ணு, பேனாவை மூடு. எழுதினதை முதலிலிருந்து படி. பால் பூத் வாசலில் அவள் அழுதாள் என்று நீயாக ஏதாவது சேர்த்திருந்தால் அடித்துவிடு. அவள் அழவில்லை, பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். படி, கேட்கலாம்.